பாஞ்சராபோளும் கொல்லாமையின் கணக்கும்

செம்பூர், கோவண்டிப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்குப் பாஞ்சராபோள் என்றால் ஒரு பஸ் ஸ்டாப். 2013-இல் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயின் முதல் பகுதி திறந்தபோது அது வந்து முடிந்த இடமும் இதுதான் என்பதால், கோட்டைப் பக்கம் ஆபீஸ் போகிறவர்கள் வாயிலும் இந்தப் பேர் புழங்க ஆரம்பித்தது. ஆனால் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஏதோ பஞ்சாபிப் பேர் போல இருக்கே என்று சொன்னவர்களும் உண்டு.

அது குஜராத்தி. பிஞ்ஜ்ரா என்றால் கூண்டு. போள் என்றால், அகமதாபாத் போயிருப்பவர்களுக்குத் தெரியும், ஒரே வாசல் வைத்த குடியிருப்புச் சந்து. கூண்டும் சந்தும் சேர்ந்து பாஞ்சராபோள்: வயசான, நோயுற்ற, கால் ஒடிந்த, இனி யாருக்கும் வேண்டாத பிராணிகளைச் சாகும்வரை வைத்துக் காப்பாற்றும் இடம். கோசாலை வேறு, இது வேறு. கோசாலை பசுவுக்கு. பாஞ்சராபோளில் எருமை, ஆடு, குதிரை, நாய், கோழி, புறா என்று எதற்கும் இடம் உண்டு. இங்கே வந்த பிராணியைக் கொல்வதில்லை, கசாப்புக்கு விற்பதும் இல்லை என்பது அடிப்படை விதி. அமெரிக்காவில் இப்போது 'நோ-கில் ஷெல்டர்' என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சு அங்கே பெரிதானது 1990-களில்தான். நம் மும்பையில் புலேஷ்வர் பாஞ்சராபோள் 1834-லேயே ஆரம்பமாகிவிட்டது.

இந்த மாதிரிக் கட்டுரையை மனுநீதிச் சோழனிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். அதை இங்கே விட்டுவிடுகிறேன். அது செத்துப்போன கன்றுக்கு நீதி கிடைத்த கதை. நான் பேச வந்தது, சாகாமல் இருக்கிற மாட்டுக்கு நாளைக்குக் காலையில் யார் வைக்கோல் போடுவது என்பதைப் பற்றி.

அசோகரும் காம்பே எலிக்குஞ்சும்

பிராணிகளுக்கு முதன்முதல் ஆஸ்பத்திரி கட்டியவர் அசோகர் என்று பள்ளிக்கூடப் புத்தகங்களில் படித்திருப்போம். அவருடைய இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு சொல்வது இவ்வளவுதான்: மனிதருக்கும் பிராணிகளுக்கும் இரண்டு வகை மருத்துவத்துக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது, மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவை கொண்டுபோய் நடப்பட்டன, வழிகளில் கிணறு தோண்டி மரம் வைக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக் கட்டடம் என்று தனியாக எதுவும் அதில் இல்லை. நமக்குச் சுவையான விஷயம் வேறு. இந்த ஏற்பாடு நடந்த நாடுகளின் பட்டியலில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி என்று தெற்கத்திப் பேர்கள் வரிசையாக வருகின்றன. தமிழ் மூவேந்தரில் சோழ பாண்டியர் பேர் பிராணி மருத்துவத்தோடு சேர்ந்து கல்லில் ஏறியது கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில்!

அசோகருக்கும் குஜராத் பாஞ்சராபோளுக்கும் நேர்வழித் தொடர்பு இருக்கிறது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நடுவில் பல நூற்றாண்டு இருட்டு. வெளிச்சம் வருவது வெளிநாட்டுப் பயணிகள் எழுதி வைத்த குறிப்புகளால்தான். 1580-களில் வந்த ஆங்கிலேயர் ரால்ஃப் ஃபிட்ச், காம்பேயில் ஆடு, நாய், பூனை, பறவைகளுக்கெல்லாம் ஆஸ்பத்திரி இருப்பதாக எழுதினார். காம்பே என்பது இன்றைய கம்பாத். 1623-இல் இத்தாலியர் பியத்ரோ தெல்லா வாலே அதே ஊருக்குப் போய்ப் பறவை ஆஸ்பத்திரியைப் பார்த்தார். அங்கே தாயில்லாத எலிக்குஞ்சுகளைப் பஞ்சுப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் மூக்குக்கண்ணாடி மாட்டி, பறவை இறகின் நுனியால் பால் புகட்டிக்கொண்டிருந்தாராம். வளர்ந்ததும் வெளியே விட்டுவிடுவதாக அவர் சொன்னாராம். ஐரோப்பியருக்கு இது வேடிக்கை. எனக்கு அந்த இறகுதான் கண்ணில் நிற்கிறது. எலிக்குஞ்சுக்கு எவ்வளவு பால், எதனால் கொடுப்பது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

சூரத்தில் இருந்ததை 17-ஆம் நூற்றாண்டு இறுதியில் ஓவிங்டன் என்ற பாதிரியாரும், 19-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் பர்ன்ஸும் எழுதினார்கள். தானியத்தோடு வரும் வண்டு, புழு, பூச்சிகளைக் கொல்ல மனசில்லாமல் தானியம் போட்ட ஓர் அறையில் விட்டு வைக்கும் வழக்கத்தைப் பர்ன்ஸ் குறிப்பிடுகிறார். ஜீவாத்கானா என்று அதற்குப் பேர். மூட்டைப்பூச்சிகளுக்கு ரத்தம் கிடைக்கக் கூலிக்கு ஓர் ஏழையைக் கட்டிலில் கட்டிப் படுக்க வைப்பார்கள் என்று ஓவிங்டன் எழுதியதும் உண்டு. கண்ணால் பார்த்தாரா, சூரத்தில் கேட்ட கதையா, யார் கண்டது! ஆனால் அந்தக் கதை இரண்டு நூறு வருஷம் ஐரோப்பியப் புத்தகங்களில் ஊர் சுற்றியது.

1832: நாய்க்காக நின்ற பம்பாய்

இனி பம்பாய்க்கு வருவோம். வெயில் காலத்தில் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் கம்பெனி ஆட்சியில் ஏற்கெனவே இருந்தது. 1832-இல் போலீஸ் மாஜிஸ்திரேட் அந்தக் காலக்கெடுவை நீட்டித்தார். ஒரு நாய்க்கு எட்டணா கூலி. எட்டணா அந்தக் காலத்தில் சின்னக் காசு இல்லை. அதனால் நாய் பிடிக்கிறவர்கள் தெருநாயோடு நிற்கவில்லை, வீட்டு வாசலில் படுத்திருந்த நாயையும் சேர்த்துப் பிடித்தார்கள்.

ஜூன் 6-ஆம் தேதி பார்சிகளுக்குப் புனித நாள். பார்சி மதத்தில் நாய்க்கு இருக்கும் இடம் நமக்கு அதிகம் தெரியாது. இறந்தவர் உடலை நாய் ஒன்று பார்க்க வேண்டும் என்பது அவர்கள் இறுதிச் சடங்கில் ஓர் அங்கம், சக்தீத் என்பார்கள். அப்படிப்பட்ட பிராணியைப் புனித நாளில் தெருவில் அடித்துக் கொன்றால் சும்மா இருப்பார்களா? சுமார் இருநூறு பேர் திரண்டு நாய் பிடித்த கான்ஸ்டபிள்களைத் தாக்கினார்கள். மறுநாள் ஊரே கடையடைப்பு. பார்சிகளோடு ஜைனரும் இந்து வணிகரும் சேர்ந்துகொண்டார்கள். கோட்டைக்குள்ளும் ராணுவத்துக்கும் போகவேண்டிய ரொட்டி, தண்ணீர், சாமான் வண்டிகள் வழியில் நிறுத்தப்பட்டன. ராணுவம் வந்தது, பலர் கைதானார்கள், சிலருக்குத் தண்டனையும் கிடைத்தது. பிற்பாடு பெரிய மனிதர்கள் மனுப்போட்டுப் பேசிச் சமாதானம் ஆயிற்று. இந்தச் சம்பவத்தை ஜெசி பல்சேத்தியா என்ற வரலாற்றாசிரியர் 2001-இல் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நாய் ஒரு காரணம்தான், வீட்டு வாசல்வரை வந்துவிட்ட அரசாங்கத்தின் மீதான கோபமும் அதில் இருந்தது என்பது அவர் கட்டுரையைப் படித்தால் புரியும்.

இரண்டு வருஷம் கழித்து, 1834 அக்டோபரில், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சியும் அமீசந்த் ஷா என்ற ஜைனரும் சேர்ந்து புலேஷ்வரில் பாஞ்சராபோளை ஆரம்பித்தார்கள். ஜீஜீபாயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, ஜே.ஜே. ஆஸ்பத்திரியின் ஜே.ஜே. அவர்தான். கலகத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதே பொதுவான கருத்து. அரசாங்கம் நாயைக் கொல்லாதே என்றால், கொல்லாத நாயை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். அதற்குச் செட்டுகள் கொடுத்த பதில் ஒரு கட்டடம்.

ஜீஜீபாயின் சொத்து பெரும்பாலும் சீனாவோடு நடந்த பருத்தி, அபின் வியாபாரத்தில் வந்தது. கான்டன் துறைமுகத்தில் மனிதர்களைக் கெடுத்த பணம் புலேஷ்வரில் மாட்டுக்குப் புல் வாங்கியது. சரித்திரத்தில் இந்த மாதிரி முடிச்சுகள் நிறைய. நான் அவிழ்க்கப் போவதில்லை.

எப்படி நடக்கிறது?

புலேஷ்வர், சி.பி. டேங்க் வட்டாரத்தில் கல்யாணப் புடவையும் கவரிங் நகையும் வாங்கப் போயிருப்பீர்கள். அந்த நெரிசலுக்கு நடுவே சில நூறு மாடுகள் உள்ள ஒரு வளாகம் இருக்கிறது என்றால் முதல் தடவை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஊர் வளர்ந்து சுற்றிலும் மூடிக்கொண்டது, கொட்டில் மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

நூற்றுத்தொண்ணூறு வருஷம் ஓர் அறநிலையம் ஓடுகிறது என்றால் பக்தி மட்டும் போதாது. வருமானத்துக்கு மூன்று வழி வைத்தார்கள். முதலாவது லாகா: வியாபாரிகள் தங்கள் சரக்குப் பரிமாற்றத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று தாங்களே வைத்துக்கொண்ட சிறு வரி. மகமை என்று நம் நாடார், செட்டியார் சமூகங்களில் இருந்ததே, அதேதான். வியாபாரம் நடக்கும்வரை மாட்டுக்குத் தீனி நடக்கும். இரண்டாவது வாடகை: வளாகத்தைச் சுற்றிய கடைகள், கட்டடங்களிலிருந்து வரும் வருமானம். மூன்றாவது, தினமும் வந்து ஒரு கட்டுப் புல் வாங்கிப் போடும் சாதாரண ஜனங்கள். நகரத்துக்குள் இடம் போதாததால் கல்யாண், பிவண்டிப் பக்கம் கிளைகள் வைத்தார்கள். செம்பூர்ப் பேரும் அப்படி வந்ததுதான். நோயாளியும் குட்டியும் உள்ளே, நடக்கக்கூடியது வெளியே மேய்ச்சலுக்கு.

வரும் பிராணி யார்? பால் வற்றிய மாடு. தபேலாக்காரனுக்குப் பிரயோஜனம் இல்லாத சேங்கன்று. வண்டியில் அடிபட்டது. லாரியில் நெருக்கி அடைத்துக் கசாப்புக்குக் கொண்டுபோகும்போது போலீஸ் பிடித்தது. இந்தக் கடைசி வகைக்கு, வழக்கு முடியும்வரை பராமரிப்பது யார், செலவு யார் தலையில் என்பதற்கு 2017-இல் மத்திய அரசு தனி விதிகளே போட்டது. வழக்கு நடக்க வருஷக்கணக்கு ஆகும். மாடு அதுவரை தினம் மூன்று வேளை வாயை ஆட்டும்.

வந்தவுடன் கூட்டத்தோடு விடக்கூடாது. தனியே கட்டிச் சில நாள் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மாட்டின் கோமாரி கொட்டில் முழுக்கப் பரவும். நாய்களில் பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் ஒரே வாரத்தில் குட்டிகளைக் காலி செய்துவிடும். காளையையும் பசுவையும் பிரித்துக் கட்ட வேண்டும், ஆண் நாய்க்கும் பெண் நாய்க்கும் கருத்தடை செய்ய வேண்டும். கொல்லாத இடத்தில் பிறப்பையும் கட்டுப்படுத்தாவிட்டால், காக்க வந்தவர்களே கூட்டத்தைப் பெருக்கியவர்கள் ஆவார்கள். தீனிக் கணக்கு இன்னும் கறார். மாட்டுக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு காய்ந்த தீவன அளவில் வேண்டும் என்பது கால்நடை மருத்துவத்தின் பொதுவிதி. முந்நூறு கிலோ மாட்டுக்கு ஆறு, ஏழு கிலோ. ஈரமான பச்சைப் புல்லாகவே கொடுத்தால் அதைப்போல் நாலைந்து மடங்கு. இதை முந்நூறு மாட்டால் பெருக்கி, முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் வைக்கோல் நனையும், விலை ஏறும். தெருவில் திரிந்த மாட்டின் வயிற்றில் பிளாஸ்டிக் பை பந்தாக உருண்டு கிடக்கும். எவ்வளவு தீனி போட்டாலும் உடம்பில் ஒட்டாது, வயிற்றைக் கிழித்து எடுத்தால்தான் வழி.

எல்லாவற்றையும்விட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஒரு காப்பகத்தில் நூறு நாய்க்கு இடம் என்று வையுங்கள். ஒரு நாய் அங்கே சராசரி பத்து வருஷம் வாழும் என்றும் வையுங்கள். யாரும் தத்து எடுக்கவில்லை, யாரையும் கொல்லவும் இல்லை. அப்படியானால் முதல் வருஷம் நூறு வந்தவுடன் வாசல் நிறைந்தது. அப்புறம் வருஷத்துக்குப் பத்து இடம்தான் காலியாகும். பதினோராவது நாயைக் கொண்டுவந்து நிற்பவரிடம் என்ன சொல்வது? இடமில்லை என்று திருப்பி அனுப்பலாம், அது தெருவில் சாகும். உள்ளே திணிக்கலாம், அப்போது நூற்றுப்பத்தும் சேர்ந்து நோயில் விழும். அல்லது வேறு வாசல் திறக்க வேண்டும்: தத்து கொடுப்பது, குணமானதும் பிடித்த இடத்திலேயே விடுவது, பிறப்பைக் குறைப்பது. வருஷம் அறுபது நாய் தத்துப் போனால், அதே நூறு இடத்தில் எழுபது புது நாய்க்கு வழி கிடைக்கும். கொல்லாத காப்பகத்தின் உயிர் அதன் வெளிவாசலில் இருக்கிறது. உள்வாசலைத்தான் எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வந்தது. 1994-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிராணி நலச் சங்கமும் நகராட்சிக் காப்பகமும் ஓர் ஒப்பந்தம் போட்டன: தத்துக் கொடுக்கத்தக்க எந்த நாய், பூனையையும் கொல்வதில்லை, நகராட்சியிடம் மிஞ்சுவதைச் சங்கம் எடுத்துக்கொள்ளும். பின்னால் நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு வெளியேறினால் 'நோ-கில்' என்று அங்கே ஓர் அளவுகோல் வந்தது. மிச்சம் பத்து தீராத நோய், கடும் காயம், அபாயமான குணம் என்று விட்டுவிடுகிறார்கள். பாஞ்சராபோள் செட்டிடம் இந்தத் தொண்ணூறைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கு நூறுக்கு நூறு.

நம் சோழர் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று ஓர் அழகான சொல் வருகிறது. கோயில் நந்தாவிளக்குக்காகத் தொண்ணூறு, தொண்ணூற்றாறு என்று ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் தினம் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும், எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. அதனால் அந்த மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. சாவாதது கணக்கு, ஆடு இல்லை. குஜராத்தி வணிகர் செய்தது நேர் எதிர்: மந்தையிலிருந்து பிரயோசனம் எதுவும் வேண்டாம், இந்த ஒரு கிழமாடு இருக்கும்வரை இருக்கட்டும். சோழர் ஏற்பாட்டில் ஆடு விளக்குக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. பாஞ்சராபோளில் மாட்டுக்காக மனிதன் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. ஒரு தலைமுறை சம்பாதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

காந்தியடிகள் கேட்ட கேள்வி

பாஞ்சராபோளைக் குறை சொன்னவர்கள் ஆரம்பம் முதலே உண்டு. வெள்ளைக்காரர் பார்வையில், எழுந்திருக்க முடியாத மாட்டைப் புழு வைக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை, ஒரே குண்டில் முடிப்பது கருணை. 1874-இல் பம்பாயில் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் வந்தது. 1880-களில் தின்ஷா மானெக்ஜி பெட்டிட் கொடையில் பரேலில் பாய் சக்கர்பாய் பிராணி ஆஸ்பத்திரி எழுந்தது, 1886-இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தது. புலேஷ்வரில் அடைக்கலம், பரேலில் வைத்தியம். இரண்டும் ஒரே ஊரில், இரண்டுக்கும் பார்சி பணம், ஆனால் ஒன்றின் நோக்கம் வேறு, மற்றதன் நோக்கம் வேறு. வைத்தியம் இல்லாத அடைக்கலத்தில் பிராணி அழுகிச் சாகும் என்று பரேல்காரர்கள் சொன்னால், அடைக்கலம் இல்லாத வைத்தியத்தில் குணமாகாததற்குத் துப்பாக்கிதான் என்று புலேஷ்வர் சொல்லியிருக்கும். இரண்டு பேரும் சொன்னது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

1926-இல் இந்தச் சண்டை காந்தியடிகள் வாசலுக்கு வந்தது. அகமதாபாத்தில் ஓர் ஆலை முதலாளி தன் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது தெருநாய்களைக் கொல்ல வைத்துவிட்டு, மனசு கேட்காமல் காந்தியிடம் வந்தார். வேறென்ன செய்ய முடியும் என்றார் காந்தி. அவ்வளவுதான், நாடு முழுக்க இருந்து கடிதங்கள் குவிந்தன, அகிம்சை பேசுகிறவர் இப்படிச் சொல்லலாமா என்று. அவர் பின்வாங்கவில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்து எழுதினார். தெருவில் ஒரு ரொட்டித் துண்டை எறிந்துவிட்டுப் போவது ஜீவகாருண்யம் ஆகாது, நாய் வேண்டுமென்றால் வீட்டில் வைத்து வளருங்கள், இல்லை சங்கம் வைத்துப் பணம் போட்டுக் காப்பாற்றுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். சொந்தக்காரன் இல்லாத நாய் ஊரின் வெட்கம் என்று அவர் நினைத்தார். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத வேதனையில் கிடந்த கன்றுக்கு டாக்டரைக் கொண்டு ஊசி போட்டு உயிரை முடிக்கச் செய்தபோது எதிர்ப்பு இன்னும் கடுமையாக வந்தது.

காந்தி சொன்னதில் முதல் பாதி தப்பாகப் போனது என்பது என் கருத்து. கொல்வதால் நாய் குறையும் என்று அவரும் அந்தக் கால நகராட்சிகளும் நம்பின. இரண்டாம் பாதியை, அதாவது பணமும் பொறுப்பும் இல்லாத தயவு போதாது என்பதை, இன்றுவரை யாரும் மறுத்துக் காட்டவில்லை.

கொன்றும் குறையாத நாய்

கொன்றால் குறையாது என்பதை எழுதி நிரூபித்த ஊர்களில் சென்னையும் ஒன்று. அங்கே 1906 முதல் அயனாவரத்தில் மெட்ராஸ் பிஞ்ஜ்ராபோள் இருக்கிறது, வடக்கத்தி வணிகர் கொண்டுவந்த ஏற்பாடு. ஆனால் நாய்க் கதை வேறு வழியில் போயிற்று. 1964-இல் விமானி கேப்டன் வி.சுந்தரம் சென்னையில் ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி, நாட்டின் ஆரம்பகாலப் பெண் விமானிகளில் ஒருவர். மாநகராட்சி 19-ஆம் நூற்றாண்டு முதல் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருந்தது. 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய் என்ற அளவுக்குப் போயிருந்தது என்று ப்ளூ கிராஸ் கணக்குச் சொல்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் கொன்றும் நாயும் குறையவில்லை, ரேபிஸ் சாவும் குறையவில்லை. அதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று அவர்கள் வருஷக்கணக்காகச் சொன்னதை மாநகராட்சி ஒருவழியாக 1996-இல் ஏற்றது. மும்பை 1994-லேயே கொல்வதை நிறுத்திக் கருத்தடைக்கு மாறியிருந்தது.

பிடித்த இடத்திலேயே ஏன் விட வேண்டும்? பலர் கோபமாகக் கேட்கும் கேள்வி இது. நாய்க்கு எல்லை உண்டு. ஒரு தெருவில் இருக்கும் நாய்களை அப்புறப்படுத்தினால் குப்பைத்தொட்டி அங்கேயே இருக்கும், பக்கத்துத் தெரு நாய் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும், ஊசி போடாத நாயாக. பழைய நாய் காதில் அடையாள வெட்டோடு அங்கேயே இருந்தால் புதுசை உள்ளே விடாது, குட்டியும் போடாது. ரேபிஸைத் தடுக்க வேண்டுமென்றால் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது தடுப்பூசி போய்ச் சேர வேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. இருபது, முப்பதோடு நின்றால் செலவுதான் மிச்சம். நம் ஊர்களில் திட்டம் தோற்றதாகச் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

2001-இல் இது நாடு முழுவதற்கும் விதியானது, 2023-இல் புது விதிகள் வந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது நான்கு நாள் வைத்துப் பார்த்துவிட்டே வெளியே விட வேண்டும். தீராத நோயும் மரணக் காயமும் உள்ளதை மட்டும் டாக்டர் வேதனையில்லாமல் முடிக்கலாம். 1928-இல் காந்தி வாங்கிய திட்டு இன்று அரசிதழில் விதி.

கொட்டில் திறந்தபோது

2022 செப்டம்பரில் குஜராத்தில் நடந்ததைப் பத்திரிகையில் பலர் படித்திருப்பீர்கள். மாநில அரசு அந்த வருஷ பட்ஜெட்டில் கோசாலைகளுக்கும் பாஞ்சராபோள்களுக்கும் 500 கோடி ரூபாய் அறிவித்தது, ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 30 ரூபாய் கணக்கில். மாதங்கள் போயின, பணம் வரவில்லை. அதே சமயம் தோல் கழலை நோய் மாடுகளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. நிர்வாகிகள் ஒரு நாள் கொட்டில் கதவைத் திறந்து மாடுகளை ரோட்டிலும் அரசு அலுவலக வாசலிலும் விட்டுவிட்டார்கள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நெடுஞ்சாலைகள் நின்றன. ஐந்து நூற்றாண்டாகப் பயணிகள் வியந்து எழுதிய குஜராத்தில், கொல்லாமையை ஊருக்கே சொல்லிக்கொடுத்த சமூகத்தில் இது நடந்தது. லாகா போன இடத்தில் மானியம் வந்தால், மானியம் நின்ற அன்று மாடு தெருவில்.

2025-இல் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆகஸ்ட் 11-ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் அமர்வு, டெல்லி வட்டாரத் தெருநாய்கள் எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும், திரும்ப விடக்கூடாது என்றது. முதல்கட்டமாக ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் 5,000 நாய்க்கு இடம் தயாராக வேண்டும். குழந்தைகளைக் கடித்த செய்திகளைப் படித்தவர்கள் நிம்மதி அடைந்தார்கள். அதில் தவறு சொல்ல மாட்டேன், கடிபட்ட குழந்தையின் தாய்க்கு விதி எண் சொல்லி ஆறுதல் தர முடியாது. ஆனால் டெல்லியில் நாய்கள் லட்சக்கணக்கில். ஆகஸ்ட் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் திருத்தியது: கருத்தடை, தடுப்பூசி முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விடலாம், ரேபிஸ் உள்ளதும் மூர்க்கமானதும் மட்டும் விடக்கூடாது, தீனி போடத் தனி இடம் குறிக்க வேண்டும். நவம்பர் 7-ஆம் தேதி மறுபடி ஓர் உத்தரவு: பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகிய இடங்களில் பிடித்த நாய்களைக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அங்கேயே திரும்ப விடக்கூடாது.

அந்தக் காப்பகங்களில் நான் மேலே போட்ட நூறு நாய்க் கணக்கு அப்படியே வந்து உட்காரும். நாடு முழுக்கப் பள்ளிகளும் ரயில் நிலையங்களும் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். இடம் கட்டுவது ஒரு தடவைச் செலவு, டெண்டர் விட்டு முடித்துவிடலாம். பத்து வருஷம் தினமும் சோறு, தடுப்பூசி, துப்புரவு ஆள், ராத்திரிக் காவல், வாரம் இரண்டு தடவையாவது டாக்டர் என்பதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நகராட்சிக் கணக்கர்தான் முழிக்க வேண்டும். ஜீஜீபாயும் அமீசந்தும் கட்டடம் திறந்ததோடு நிற்காமல் லாகாவையும் வாடகைக் கடைகளையும் சேர்த்து வைத்ததன் காரணம் அங்கே தெரியும்.

புலேஷ்வர் வளாகத்துக்கு நம்மில் யாராவது போக நினைத்தால் காலை நேரம் நல்லது. வாசலிலேயே புல்கட்டு கிடைக்கும். வீட்டில் மிஞ்சிய பூரி, இனிப்பு, விரத நாள் பலகாரம் எதையும் பையில் எடுத்துப்போக வேண்டாம். மாட்டுக்கு மாவும் வெல்லமும் அளவுக்கு மீறிப் போனால் வயிறு புளித்து, உப்பி, ராத்திரிக்குள் படுத்துவிடும். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள், பின்புறம் தனியே கட்டியிருக்கும் நோயாளி மாடுகள் இருந்தால் அவற்றையும் காட்டலாம். புண்ணுக்கு மருந்து போடும் ஆளை நாலு வார்த்தை விசாரித்தால், இந்தக் கட்டுரையில் இல்லாத விஷயங்களும் கிடைக்கும்.